ஏரிக்காரன்கிட்ட எப்படிக் கேக்கணும்

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சு. எந்த ஊருன்னு கேக்காதே, ஃபின்லாந்துல ஊருக்கு ஊரு ஏரிதான். ஜன்னலைப் பாக்காதே குட்டி, இது நம்ம வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்குற ஏரி இல்ல. அந்த மாதிரியே இன்னொண்ணு. நீ "ம்" சொன்னாத்தான் அக்கா வாயிலேர்ந்து கதை வரும்.

"ம்."

அந்த ஏரிக்கரைல மதுரைலேர்ந்து வந்த ரெண்டு பொண்ணுங்க. பெரியவ எழில், சின்னவ பவளம். அம்மாவும் அப்பாவும் விடியுறதுக்குள்ள பஸ் பிடிச்சு வேலைக்குப் போயிடுவாங்க. அதனால பவளத்தைப் பால்வாடிலேர்ந்து கூட்டிட்டு வர்றது எழிலோட பொறுப்பு.

எழிலுக்கு ஃபின்னிஷ் சொல்லிக் குடுக்க ஒரு டீச்சர். அவங்க குரல் மூக்கடைச்ச புறா மாதிரி இருக்கும். "வெறும் பேரைச் சொல்லாதே எழில். எப்படிப்பட்டதுன்னு முன்னாடி சேர்த்துச் சொல்லு. தாலோன்னா வீடு. இஸோ தாலோன்னா பெரிய வீடு. உங்க மொழியிலயும் அப்படித்தானாமே?" எழில் என்ன செஞ்சா, பேரை மட்டும் வாய்ல போட்டுக்கிட்டா. கெங்க்கான்னா ஷூ, லக்கின்னா குல்லா, த்யுத்தோன்னா பொண்ணு, யான்னா ஐஸ். கையைக் காட்டி "தாலோ"ன்னா யாருக்கும் புரியுது. அப்புறம் எதுக்கு இந்தப் பெருசு சிறுசெல்லாம்னு காதோட விட்டுட்டா.

அப்புறம் குளிர்காலம் முடியுற சமயம். மத்தியானம் ரெண்டு பேரும் திரும்பி வர்றாங்க. ஏரிக்கரைல புதுசா ஒரு போர்டு. ஹெய்க்கோ யா.

"என்னக்கா போட்டிருக்கு?"ன்னா பவளம்.

எழில் தெரியாத வார்த்தையை விட்டுட்டு, தெரிஞ்சதை மட்டும் படிச்சா. "ஐஸ்னு போட்டிருக்கு."

"அதுதான் எனக்கே தெரியுதே"ன்னுட்டு பவளம் சறுக்கிக்கிட்டே ஓடினா. சர்ர்ர், சர்ர்ர்.

ஹெய்க்கோன்னா என்ன தெரியுமா? பலமில்லாத.

மொறுக். மொறுக். படார்.

நடுவுல ஒரு ஓட்டை. கருப்புத் தண்ணி. பவளத்தைக் காணோம். ம் சொல்லலையே, தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் எழில் வயித்தால ஊர்ந்து ஊர்ந்து ஓட்டைகிட்டப் போனா. அப்போ அந்தத் தண்ணிக்கடியில குடியிருக்குற ஏரிக்காரன் தலையைத் தூக்கினான். தாடி முழுக்கப் பாசி. ஸிங்க்ல அடைப்பு எடுத்ததும் தண்ணி இறங்குமே, அதுதான் அவன் குரல். களக் களக் களக்.

"என்ன வேணும்?"

"என் தங்கச்சி."

"என்கிட்ட எத்தனையோ பேரோட தங்கச்சி இருக்கா. இந்த ஊர் பாஷையில, எதுன்னு சரியாக் கேளு. முதல்ல ஷூ, அப்புறம் குல்லா, கடைசியா ஆள். கேட்டதைக் குடுப்பேன், அது என் சட்டம். தப்பாக் கேட்டா, தப்புக்கு ஒரு விரலோட சூடு எனக்கு."

எழில் "கெங்க்கா"ன்னா. களக்னு ஷூ வந்துச்சு. ஒண்ணா ரெண்டா? மீன்காரங்க பூட்ஸு, கல்யாணப் பொண்ணோட வெள்ளை ஷூ, நடக்கப் பழகுற குழந்தையோட குட்டிச் செருப்பு. அந்த ஏரியில முங்கின எல்லாரோடதும் மிதந்துச்சு. எழிலோட சுண்டுவிரல் சில்லுன்னு செத்துப்போச்சு. அப்போதான் டீச்சரோட புறாக் குரல் காதுல கத்துச்சு. "புனைனென் கெங்க்கா"ன்னா எழில். சிவப்பு ஷூ. மத்ததெல்லாம் அமுங்கிப்போய் பவளத்தோடது ஒண்ணு மட்டும் ப்ளக்னு மேல வந்துச்சு.

அப்புறம் குல்லா. எழில் உஷாரா "சினினென் லக்கி"ன்னா. நீலக் குல்லா. ஏரி முழுக்க நீலக் குல்லா. இன்னொரு விரல் போச்சு. "பியெனி சினினென் லக்கி"ன்னா. சின்ன நீலக் குல்லா. அம்மா பின்னினது சொட்டச் சொட்ட வந்துச்சு.

அப்புறம் ஆள்.

"ம்."

"பியெனி த்யுத்தோ"ன்னா எழில். சின்னப் பொண்ணு. தண்ணிக்கடியிலேர்ந்து சின்னச் சின்ன முகமா மேல வந்துச்சு. எல்லாம் வெள்ளை வெளேர்னு. கண்ணு திறந்திருக்கு, யாரும் யாரையும் பாக்கல. அவங்களுக்கு நடுவுல பவளம். அவளும் பாக்கல. மூணாவது விரலும் போச்சு.

ஏரிக்காரன் கல்யாண வீட்டு மாமா மாதிரி குரலைக் குழைச்சான். "ஏன் கண்ணு கஷ்டப்படுறே? குல்மா த்யுத்தோன்னு கேளு. குளிர்ந்த பொண்ணு. இப்பவே தர்றேன், தூக்கிட்டுப் போ. அம்மாகிட்ட காட்டவாவது ஆள் இருக்கும்ல."

எழிலுக்கு அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துடுச்சு. உசுரோட இருக்கிறவங்கிறதுக்கு என்ன வார்த்தைன்னு அவளுக்குத் தெரியாது. டீச்சர் அதுவரைக்கும் வரல. கலரு, பெருசு, சிறுசு, சூடு, அவ்வளவுதான் ஆகியிருக்கு. பவளத்தோட சடையை எட்டிப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா. "லாம்மின் த்யுத்தோ." கதகதப்பான பொண்ணு.

ஏரிக்காரன் தாடி வரைக்கும் தண்ணிக்குள்ள இறங்கினான். அப்புறம், "அப்படி ஒண்ணு என்கிட்ட கிடையாது"ன்னான்.

"கேட்டதைக் குடுப்பேன்னியே."

"ஒரு முழு ஆளுக்கான சூட்டுக்கு நான் எங்க போவேன்?"

எழில் வலது கையை முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டா. "இதுலேர்ந்து எடுத்துக்க."

புஸ்ஸ்ஸ். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி பறக்க பவளம் வெளிய வந்தா. இருமினா. காலைப் பாத்தா. "அக்கா, என் இன்னொரு ஷூ?"ன்னு கேட்டா.

அந்த ஷூ இன்னும் ஏரியிலதான் இருக்கு. மத்தப் பொண்ணுங்களும்தான். அவங்களைச் சரியாக் கேக்க யாரும் வரல. எழிலோட கையும் அப்படியே இருந்துடுச்சு. அடுப்புக்கிட்ட வச்சாலும் சரி, கம்பளிக்குள்ள வச்சாலும் சரி, சூடே ஏறல.

"எந்தக் கை?"

வலது கை. இந்தா, இப்படி இருக்கும்.

"ஐயோ அக்கா, கழுத்துல வைக்காதே. குல்மா கை. பால்கனில பனியைப் பிடிச்சுட்டு வந்திருக்கே, எனக்குத் தெரியும்."

அப்படியா? நாளைக்கு மத்தியானம் சோறு தின்னுறப்போ இதே கையைத் தொட்டுப் பாரு. இப்போ சொல்லு, போர்டுல என்ன போட்டிருந்துச்சு?

"ஹெய்க்கோ யா. பலமில்லாத ஐஸ்."

ரெண்டு வார்த்தையும் படிச்சியே, அது போதும்.

"அக்கா."

என்ன?

"நான் பாப்பாவா இருந்தப்போ போட்ட சிவப்பு ஷூ, அலமாரில ஒண்ணு மட்டும்தானே இருக்கு?"

ம்.

ஏரி மூடிக்கிச்சு, கதையும் மூடிக்கிச்சு. நீயும் கண்ணை மூடித் தூங்கு.