சாமிக்கு வைத்த காபி

மன்னார்குடியில் திருவேங்கடம் என்பவர் சின்னதாக ஒரு காபிக்கடை வைத்திருந்தார். அங்கே காபி போடுகிறவள் செண்பகவல்லி.

லாபம் போதவில்லை என்று ஒருநாள் காலையில் அவளை அடுப்படியில் அதட்டினார். "இனிமே அதே பொடியில ரெண்டாந்தடவையும் வெந்நீர் ஊத்து. காபி இரட்டிப்பாகணும். குடிக்கிறவன் ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. முடியலேன்னா வேலையை விட்டுப் போ."

"சரிங்க முதலாளி" என்றாள் அவள். இரண்டாம் டிகாக்‌ஷனில் முதல் டம்ளரைக் கலந்து, பெஞ்சில் காபிக்குக் காத்திருந்தவர்களைத் தாண்டி, தினமும் செய்கிறபடி கல்லாவுக்கு மேலிருந்த பிள்ளையாருக்கு வைக்கப் போனாள்.

திருவேங்கடம் பதறிவிட்டார். "ஐயையோ, சாமிக்கு அதை வைக்காதே! நல்லதா ஒண்ணு போடு!"

"ஏங்க முதலாளி, காசு கொடுக்காத சாமிக்கு நல்ல காபி, காசு கொடுக்கிற இவங்களுக்குச் சக்கைத் தண்ணியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு, "பழையபடியே போடும்மா" என்றார்.

ஆனால் சிரித்தவர்கள் மறுநாள் வரவில்லை. இத்தனை நாளும் சக்கைத் தண்ணியைத்தான் குடித்தோமோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாரம் ஒன்றாகியும் பெஞ்சு காலியாகவே கிடந்தது.

திருவேங்கடம் அவளைத் திட்டவில்லை. "என்கிட்டத் தனியாச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேனேம்மா" என்று மட்டும் சொன்னார்.