உப்புக்குச் சப்பாணிச் செய்தி

“சங்கு ஊதலை, அம்மா. விதியில பிழையே இல்லை. ஆனா ஊதலை.”

மலையேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் திருமேனி இதைச் சொல்லிவிட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு வடிவம்மைக்கு முப்பது இருக்கலாம்.

இது நடந்தால் இதைச் செய், அது நடக்காவிட்டால் அதைச் செய் என்று எந்திரங்களுக்கு விதி எழுதுகிறவர்கள், சிக்கலில் மாட்டினால் அவளைத் தேடித்தான் போவார்கள். அவள் இருக்கும் மலையில் மேகம் தரையிலேயே கிடக்கும். காலையா மாலையா என்று தெரியாது.

வடிவம்மை அவர் முன்னால் காப்பியை வைத்தாள்.

“என்ன விதி?”

“ஆத்துக்கு மேலே நீர்மட்டம் பாக்குற கருவி இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க எந்திரத்துக்குச் சேதி அனுப்பும். கால் மணி நேரம் சேதி வரலைன்னா கீழே சங்கு ஊதணும். மணல்ல வெள்ளரி போட்டிருக்கவங்க கரையேறிருவாங்க.”

“சேதி வரலையா?”

“முந்தாநாள் முக்கால் மணி நேரம் வரலை. வெள்ளம் வந்துட்டு. அப்புறம் கருவி பிழைச்சு ஒரு சேதி அனுப்புச்சு பாருங்க, அப்ப ஊதுது சங்கு! என் தங்கச்சி உலகம்மா இடுப்பளவு தண்ணியில நிக்கா.”

அவர் காப்பியைத் தள்ளி வைத்தார்.

“இன்னைக்கும் அங்கதான் நிக்கா. பறிக்கலேன்னா காய் முத்திரும்ங்கா. சாயங்காலம் மழைங்காங்க.”

“விதியைத் தொட்டீங்களா?”

“ஒரு எழுத்து தொடலை. பத்து நாளைக்கு முன்னால குப்பையைக் கூட்டினேன், அவ்வளவுதான்.”

“என்ன குப்பை?”

“ஆபீஸ் கடிகாரம் அதே எந்திரத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு சேதி அனுப்பிக்கிட்டுக் கிடந்துச்சு. மணி இத்தனைன்னு. வேற ஒண்ணும் கிடையாது. உப்புக்குச் சப்பாணி. நிறுத்திட்டேன்.”

நானாக இருந்தால் சிரித்திருப்பேன். வடிவம்மை சிரிக்கவில்லை.

“கண்ணை மூடுங்க, ஐயா. நான் பேச்சை நிறுத்தறேன். நிறுத்திக் கால் மணி நேரம் ஆனதும் சொல்லுங்க.”

மூடினார்.

கூரை விளிம்பிலிருந்து தகர வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மனிதர் கெட்டிக்காரர். சொட்டை எண்ண ஆரம்பித்தார். நூறு. நூற்றைம்பது.

வடிவம்மை எழுந்து வாளிக்குள் ஒரு துணியைப் போட்டாள்.

அவர் நூற்றைம்பத்தொன்றுக்காகக் காத்திருந்தார்.

மேகம் அறைக்குள் வந்தது. அதற்குள் மணல் தெரிந்தது. வெள்ளரிக்கொடி மஞ்சளாகப் பூத்திருந்தது. உலகம்மாள் சின்னப் பிள்ளையாகப் பாவாடையைச் செருகிக்கொண்டு நின்றாள். ஒரு பிஞ்சைக் கடித்துக் கசப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, மீதியை அவரிடம் நீட்டினாள்.

அவரும் கை நீட்டினார். அவசரமே இல்லை. அடுத்த சொட்டுதான் இன்னும் விழவில்லையே.

தண்ணீர் அவள் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“திருமேனி ஐயா.”

“நூத்தம்பத்தி ஒண்ணு,” என்றார்.

கண்ணைத் திறந்தார். காப்பியில் ஆடை படிந்திருந்தது.

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“முக்கால் மணி நேரம்.”

“ஏன் எழுப்பலை?”

“எனக்குச் சொல்றேன்னு உட்கார்ந்தது நீங்கல்லா?”

அவர் வாளியைப் பார்த்தார். எட்டிப் பார்த்துத் துணியைத் தொட்டார். நனைந்து ஊறிப்போயிருந்தது. சொட்டு ஒரு கணமும் நிற்கவில்லை.

“சேதி வந்தாத்தான் எந்திரத்துக்கு நேரமே நகரும்,” என்றார் மெதுவாக. “அடப்பாவி. நான்லா துணியைப் போட்டிருக்கேன்.”

மடிக்கணினியைத் திறந்தார். விதியைத் தொடவில்லை. நிறுத்தி வைத்த சேதியை மட்டும் திரும்ப ஓடவிட்டார்.

மணி மூன்று நாற்பது. மணி மூன்று நாற்பத்தொன்று.

வடிவம்மை துணியை எடுத்துப் பிழிந்தாள். வாளியில் சொட்டு கேட்டது.

மூன்று ஐம்பதுக்கு ஆற்றுக் கருவியிலிருந்து சேதி வந்தது. மேற்கே இடி இடித்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு ஒன்றும் வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. உப்புக்குச் சப்பாணி மட்டும் நிமிஷம் தவறாமல் மணி சொல்லிக்கொண்டிருந்தது.

நாலு ஐந்துக்குக் கீழே எங்கேயோ சங்கு ஊதியது.

திருமேனிக்குப் போன் வந்தது. உலகம்மாள்தான்.

“அண்ணே, எதுக்கு ஊதுது? ஆத்துல ஒரு விரக்கடை கூடத் தண்ணி ஏறலை. மேலேருந்து வெள்ளம்னு சேதி வந்துச்சா?”

“ஒரு சேதியும் வரலை, தாயி. அதான் ஊதுது. கரையேறிட்டியா?”

“எல்லாரும் ஏறிட்டோம். கூடையைத்தான் மணல்ல விட்டுட்டேன். ஓடிப்போய் எடுத்துட்டு...”

“நில்லு.”

அவள் நின்றாள். போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஆறு வருகிற சத்தம் கேட்டது.