ஓட்டையைப் பூட்டி வைத்தவர்கள்

பீளமேட்டில் ராமானுஜுலு நாயுடுவின் கார் ஷெட்டில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். ஆறுச்சாமி, பட்டீஸ்வரன், நாச்சிமுத்து. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் பேச்சு. அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

நாயுடுவிடம் முப்பத்தெட்டாம் வருஷத்துச் சீமைக்கார் ஒன்று இருந்தது. கோயமுத்தூரில் நடக்கும் பழைய கார் போட்டிக்கு வருஷா வருஷம் அதைத் துடைத்துக் கொண்டுபோவார். வருஷா வருஷம் தோற்றுத் திரும்புவார். போன தடவை நடுவர் பானெட்டைத் தூக்கினார். என்ஜினில் ஒரே ஒரு போல்ட்டை விரலால் தொட்டு, "இது சைக்கிள் போல்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாயுடுவின் மனைவி ரங்கநாயகி இருபது வருஷம் பொறுத்தவர். "இந்தத் தடவையும் பரிசு வரலைன்னா, திங்கட்கிழமை வண்டி பழைய இரும்புக்குப் போகுது" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரும்புக்காரர் ஒருவர் வந்து, வண்டியைத் தட்டிப் பார்த்து, எடையைக்கூட உத்தேசமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நாயுடு அந்த சைக்கிள் போல்ட்டைக் கழற்றி வீசினார். மூவரையும் கூப்பிட்டார்.

"டேய், இந்த ஓட்டைக்கு அசல் போல்ட் வேணும். இதே கம்பெனி, இதே வருஷத்து வண்டியிலிருந்து கழட்டினதா இருக்கணும். வேற எதை மாட்டினாலும் தொலைச்சிருவேன்."

மூவரும் உக்கடத்துப் பழைய சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினார். எல்லாம் அதே கம்பெனி, அதே வருஷம்.

ஆறுச்சாமி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இது எங்க இருந்துங்க வருது?"

"டப்பாவிலிருந்து."

"அதானே பார்த்தேன். வண்டியிலிருந்து கழட்டினது வேணும்னு எங்க முதலாளி சொன்னாருங்க."

"யோவ், வண்டியிலிருந்து கழட்டித்தான்யா டப்பாவில போட்டேன்."

"அது நீங்க சொல்றது. நாங்க பார்த்தது டப்பாவைத்தானே?"

கடைக்காரர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் போட்டார். "அப்படீன்னா பீளமேட்டுக்குப் போங்க. அங்க நாயுடு ஒருத்தர் ஷெட்டில ஒரு வண்டி நிக்குது. ஜில்லாவிலேயே அது ஒண்ணுதான். போய்க் கழட்டிக்கிட்டு ஆளை விடுங்க" என்றார்.

மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லவேளை, தெரிஞ்ச இடமாப் போச்சு. பக்கமாவும் இருக்குது" என்று பஸ் ஏறினார்கள்.

ஷெட்டில் கார் நின்றது. அதே கம்பெனி, அதே வருஷம். பட்டீஸ்வரன் ஃபேன் பக்கத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றிக் காலியாக இருந்த ஓட்டையில் மாட்டினான். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அப்புறம் நாச்சிமுத்து பார்த்தான்.

"ஏனப்பா, ஃபேன்கிட்ட ஒரு ஓட்டை இருக்குதே?"

"காலையில இல்லியே."

"நாம வர்றது தெரிஞ்சு நகர்ந்திருக்குது."

"நகருதுன்னா பயப்படுதுன்னு அர்த்தம். விடாதீங்க."

ரேடியேட்டரிலிருந்து ஒன்றைக் கழற்றி ஃபேனுக்கு மாட்டினார்கள். ஓட்டை ரேடியேட்டருக்குத் தாவியது. அங்கே அடைத்தால் டைனமோவில் தெரிந்தது. அடைத்த இடத்துக்கே அது திரும்பி வந்துவிடக் கூடாது என்று பட்டீஸ்வரன் மாட்டிய போல்ட்டைச் சுற்றியெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தான். மத்தியானத்துக்குள் பதினோரு வட்டம் ஆகிவிட்டது.

"முதலாளி கேட்டது ஒரு அசல் போல்ட். நாம மாட்டினது பதினொண்ணு" என்றான் ஆறுச்சாமி.

"மிச்சம் பத்தை என்ன பண்றது?"

"இருக்கட்டும். அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

பதினோராவது போல்ட்டைப் பானெட்டிலிருந்து கழற்றியிருந்தார்கள். ஆகவே ஓட்டை இப்போது பானெட்டில் இருந்தது. என்ஜினை விட்டே வெளியே வந்துவிட்டது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று மூவரும் பானெட்டை முழுசாகக் கழற்றி, ஓட்டையோடு ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

போட்டியன்று நாயுடுவும் ரங்கநாயகியும் முன்னாலேயே மைதானத்துக்குப் போயிருந்தார்கள். பானெட் இல்லாமல் கார் வந்து நின்றதும் நாயுடு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நடுவர் வந்தார். என்ஜின் திறந்து கிடந்தது. பதினோரு சாக்பீஸ் வட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போல்ட். ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பதினொன்றும் அசல்.

"இத்தனை வருஷத்தில இப்படி ஒரு தைரியசாலியைப் பார்த்ததில்லை. பானெட்டையே வீட்டில வெச்சிட்டு வந்து, 'வட்டம் போட்டிருக்கேன், பார்த்துக்கோ'ங்கிறார்!"

முதல் பரிசு. ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரும்புக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார்.

நடுவர் ஒரு பித்தளைத் தகடு கொடுத்தார். "வண்டியில மாட்டுங்கடா" என்று நாயுடு அதைப் பெருமையோடு நாச்சிமுத்துவிடம் நீட்டினார். பிறகு எல்லோரிடமும் கை குலுக்கிவிட்டு வந்து, வெற்றிச் சுற்று போக வண்டியில் ஏறினார்.

முதல் சுற்று அழகாக முடிந்தது. கூட்டம் கைதட்டியது. நாயுடு பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. இரண்டாவது சுற்றுக்குக் கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

"டேய்! பிரேக் என்னடா ஆச்சு?" என்று கத்திக்கொண்டே போனார்.

அடுத்த சுற்றில் அவர் வரும்வரை காத்திருந்து ஆறுச்சாமி பணிவாகச் சொன்னான். "தகட்டை மாட்ட அசல் ஓட்டை வேணுமில்லீங்களா? அது ஸ்டோர் ரூம்ல பூட்டின பானெட்டிலதானே இருக்குது. நாச்சிமுத்து தகட்டோட பஸ் ஏறிட்டானுங்க."

நாலாவது சுற்றில் பட்டீஸ்வரன் மீதியைச் சொன்னான். "ஓட்டை இருந்தாப் போதுங்களா? மாட்ட அசல் போல்ட் வேண்டாமா? அதான் பிரேக்கிலிருந்து ஒண்ணு கொடுத்தனுப்பினோம்."

சாவியைத் திருப்பினால் வண்டி நின்றுவிடும் என்பது நாயுடுவுக்குப் பதினேழாவது சுற்றில் ஞாபகம் வந்தது. அதற்குள் கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி, 'நிற்காமல் அதிக தூரம் ஓடிய கார்' என்று இன்னொரு பித்தளைத் தகட்டையும் அறிவித்துவிட்டார்கள். அதை ஆறுச்சாமிதான் மேடையில் வாங்கினான்.

"இதுக்கு எங்கப்பா அசல் ஓட்டை?" என்றான் பட்டீஸ்வரன் கவலையோடு.

"அசல் போல்ட்டுக்குத்தான் அலையணும். அசல் ஓட்டைக்கு என்ன பஞ்சம்?" என்று ஆறுச்சாமி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தருகே உட்கார்ந்தான்.