சேறு அடைத்த சுரைக்குடுக்கை

அல்லிக்குளத்துத் தவளைகளுக்குப் பாட்டு என்றால் பைத்தியம். மழைக்காலம் வந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு கொட்டாங்குச்சிக்குள் வாயை வைத்துக் கத்தும். சத்தம் குளத்தைத் தாண்டி வயல் வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் பளபளவென்று மெருகேற்றிய சுரைக்குடுக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அண்டங்காக்கை வந்து இறங்கியது.

"மலையில் விளைந்த குடுக்கை! இதில் கத்திப் பாருங்கள், குரல் தேனாய் வழியும்!"

"விலை?" என்று கேட்டது பாட்டுச் சபைத் தலைவர் செவியன் தவளை.

"ஒரு குடும்பம் கோடை முழுக்கச் சாப்பிடும் உலர்ந்த ஈசல். ஒரு இறக்கைகூடக் குறையக் கூடாது!"

"அப்பாடி! இந்த விலை என்றால் சும்மாவா இருக்கும்!" என்று செவியன் வாயைப் பிளந்தது.

"நான் வாங்கிக்கொள்கிறேன்!" என்று முந்திக்கொண்டு குதித்தது தொந்தியப்பன் தவளை.

அதன் மனைவி மினுக்கி ஓடி வந்து குறுக்கே நின்றது. வீட்டில் ஒன்பது குஞ்சுகள். குளம் வற்றினால், கோடைக்கென்று சேர்த்து வைத்திருந்த ஈசலைத் தவிர வேறு நாதியில்லை. மினுக்கி குடுக்கையை வாங்கி ஒரு முறை கத்திப் பார்த்தது.

"என்னங்க, நம்ம கொட்டாங்குச்சி மாதிரிதானே கேட்குது?"

"உடனே தெரியாது. நாற்பது நாள் தண்ணீரில் ஊறினால்தான் ஓசை விரியும்!" என்றது காக்கை.

"எனக்கு இப்போதே விரிந்துவிட்டது! உன் காதுக்குப் பழக்கம் போதாது, அம்மா" என்றது செவியன்.

மினுக்கிக்குச் சுருக்கென்றது. "சரிங்க அண்ணே, பழகின காதையே பார்த்துடலாம். நான் கோரைக்குப் பின்னால் நின்று இரண்டு தடவை கத்துறேன். எது குடுக்கை, எது கொட்டாங்குச்சி என்று சொல்லுங்க!"

"என் சரக்கையா சந்தேகப்படுகிறாய்?" என்று காக்கை சீறியது.

"ஆமாம், சந்தேகம்தான்! அது தீராமல் ஒரு ஈசல்கூட என் வீட்டு வாசலைத் தாண்டாது!"

தொந்தியப்பன் கெஞ்சியது. சபை முணுமுணுத்தது. மினுக்கி அசையவில்லை. கடைசியில் எல்லாம் சம்மதித்தன. குடுக்கையையும் கொட்டாங்குச்சியையும் உருட்டிக்கொண்டு மினுக்கி கோரைக்குள் மறைந்தது.

"ஒன்று!" என்று சொல்லிக் கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, "இரண்டு!" என்று சொல்லிக் கத்தியது.

"முதலாவது கொட்டாங்குச்சி. வறட்டுச் சத்தம்!" என்றது செவியன். "இரண்டாவது குடுக்கை. ஆகா, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது!"

"இரண்டாவதுதான்! இரண்டாவதுதான்!" என்று தொந்தியப்பனோடு சபை முழுதும் கத்தியது.

மினுக்கி குடுக்கையை வெளியே உருட்டிவிட்டது. அதன் வாய் வரைக்கும் சேறு அடைத்திருந்தது!

"கத்துவதற்கு முன்பே அடைச்சுட்டேன். இரண்டு தடவையும் கத்தினது என் கொட்டாங்குச்சியில்தான்!"

தவளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. செவியன் மட்டும் தொண்டையைச் செருமியது. "சேறு அடைத்த குடுக்கை பக்கத்தில் இருந்ததற்கே இவ்வளவு இனிமை! சேற்றை எடுத்தால் எப்படி இருக்கும்! காக்கையாரே, எனக்கே கொடுத்துவிடும்!"

காக்கை செவியனின் ஈசலை மூட்டை கட்டிக்கொண்டு அன்றைக்கே பறந்துவிட்டது.

"எனக்கு நிஜமாகவே இரண்டாவது நன்றாகத்தான் கேட்டது, மினுக்கி" என்று தொந்தியப்பன் தலை குனிந்தது.

"உங்க காது நல்ல காதுதாங்க. விலையைச் சொன்னதும் அது வேலையை விட்டுடுச்சு."

கோடை வந்தது. குளம் வற்றியது. ஒன்பது குஞ்சுகளும் வயிறார ஈசல் தின்றன. ஒரு நாள் வாசலில் செவியன் வந்து நின்றது. எலும்பும் தோலுமாய் இருந்தது.

"குடுக்கை என்ன ஆச்சு, அண்ணே?"

"நாற்பது நாள் ஊறவைத்தேன். அழுகிப்போய்விட்டது, அம்மா. ஒரு பிடி ஈசல் கொடேன்."

மினுக்கி இரண்டு பிடி அள்ளிக் கொடுத்தது.

ஒரு பொருளின் விலை காதில் விழுந்ததும் நம் புலன்களே நம்மை ஏமாற்றிவிடும். அதனால், யார் கேலி செய்தாலும் சோதித்துப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.