பொருந்தாத சல்லடை

"சாமி, எல்லாம் பொருந்திருச்சுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் பொருந்த மாட்டேங்குது."

நாச்சிமுத்து இதைச் சொன்னபோது, பாத்திரஞ்சாமி ஒரு பெரிய குண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்து மடத்தில் தினம் இருநூறு பேருக்குச் சோறு போடுவார்கள். சமைக்க ஆள் உண்டு, பரிமாற ஆள் உண்டு. கழுவுகிற வேலையை மட்டும் சாமி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால்தான் அந்தப் பெயர். வயது நாற்பதைத் தாண்டாது. அறுபத்திரண்டு வயது நாச்சிமுத்து ஞாயிறு தவறாமல் வந்து, அவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"எது பொருந்தல?"

"சல்லடைங்க."

சாமி சுரண்டுவதை நிறுத்தினார். முக்தி, மாயை என்று கேட்டு வருகிறவர்களையே பார்த்துப் பழகியவர் அவர். சல்லடைக்காக மடம் தேடி வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

"விவரமாச் சொல்லுங்க."

கேட்டதுதான் தாமதம், மனுசன் மடை திறந்துவிட்டார்.

தோட்டத்து வீட்டில் பாத்திரம் கழுவப் புதுசாய் ஒரு தொட்டி வைத்திருக்கிறார். சாதாரணத் தொட்டி இல்லை. கோயமுத்தூர்க் கடையில் ஒரு படத்தைப் பார்த்து, அதே மாதிரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வரவழைத்தது. வெள்ளைவெளேர் பீங்கான். ஒரு கன்றுக்குட்டியை உள்ளே நிறுத்திக் குளிப்பாட்டலாம், அத்தனை ஆழம். போர்த் தண்ணிக்கு ஒரு குழாய், ஆற்றுத் தண்ணிக்கு ஒரு குழாய், இரண்டும் அன்னப்பறவை மாதிரி கழுத்தை வளைத்து நிற்கும். நிறம் பழம்பித்தளை. சோப்புக் குப்பி, துண்டு மாட்டும் வளையம், தட்டு கவிழ்க்கும் ஸ்டாண்டு எல்லாமே அதே நிறம்.

"தண்ணி போற ஓட்டையில போடற சல்லடை மட்டும் வெள்ளி மாதிரி மின்னுதுங்க. அதே நிறத்துல மூணு மாசமாத் தேடறேன். ஈரோடு பார்த்தாச்சு, திருச்சி பார்த்தாச்சு. எங்கயும் இல்லீங்க."

"நிறம் மாறினா தண்ணி போகாதா?"

"அதெல்லாம் நல்லாப் போகுதுங்க."

"அப்புறம் என்ன?"

"அவ வந்து பார்க்கறப்ப கண்ணை உறுத்துமுங்க."

"அவன்னா?"

"என்ற ஊட்டுக்காரிங்க. மயிலாத்தா."

"எப்ப வர்றாங்க?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"சல்லடை கிடைச்சதும் கூப்பிடலாம்னு இருக்கேனுங்க."

சாமி தேங்காய் நாரை ஓரமாக வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அப்படிப் பார்த்தால் நாச்சிமுத்துவுக்குத் தாங்காது. மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

முப்பத்தாறு வருசம் மயிலாத்தாள் புறக்கடைக் கல்லில் குந்த வைத்துத்தான் பாத்திரம் தேய்த்தாள். மழைக்குத் தலையில் சாக்கு, வெயிலுக்கு முந்தானை. "நின்னு கழுவற மாதிரி ஒரு தொட்டி வெச்சுக் குடுங்க" என்று எத்தனையோ தடவை கேட்டாள். "பார்க்கலாம்" என்றார் இவர். தோட்டத்துக்குச் சொட்டுநீர் வந்தது, டிராக்டர் வந்தது, வாசலில் இரும்பு கேட்டுகூட வந்தது. தொட்டி வரவில்லை. போன கார்த்திகையில் ஒருநாள் குந்தினவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. பொள்ளாச்சியிலிருந்து அவள் தம்பி கார் கொண்டுவந்து, தூக்கி வைத்துக் கூட்டிப்போனான்.

"நல்லானதும் வர்றேன்னு சொன்னாளுங்க. நல்லாயிருச்சு. கோயிலுக்கு நடந்தே போய்ட்டு வர்றாளாம். எட்டு மாசமாச்சு, வரலைங்க சாமி."

"கூப்பிட்டீங்களா?"

"தினம் போன் போடறேனுங்க."

"கூப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

தினமும் சாயங்காலம் போன் போடுவார் என்பது நிஜம். முட்டி எப்படி என்பார். பரவாயில்லைங்க என்பாள். மாத்திரை போட்டியா என்பார். போட்டேனுங்க என்பாள். அதோடு சரி. 'வா' என்கிற ஒற்றை எழுத்தை மட்டும் சொல்லாமல் போனை வைத்துவிடுவார். வெறுங்கையோடு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? அவள் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. அவள் வரவேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் வந்ததும் ஒரு குறையும் அவள் கண்ணில் படக் கூடாது.

சாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, தொட்டியைப் பார்ப்போம்."

சாமியைத் தன் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து ஓட்டிவந்தார் நாச்சிமுத்து. வழியெல்லாம் அவருக்கு ஒரே பெருமை. குழாய் எப்படித் திரும்பும், குப்பியை அமுக்கினால் எப்படி நுரை வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சமையலறை ஜன்னலோரம் தொட்டி ஜம்மென்று இருந்தது. சொல்லக்கூடாது, நிஜமாகவே அழகுதான். சாமியே ஒரு நிமிசம் வாயைத் திறந்து நின்றுவிட்டார்.

"எப்படிங்க?"

"ராசா மாதிரி இருக்கு. பசிக்குது, சோறு இருக்கா?"

பழைய சோறும் மோரும் இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாமி தன் தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்.

"ஐயோ, வெச்சிருங்க சாமி, வேலைக்காரப் பொண்ணு காலைல வரும்."

சாமி காதில் வாங்கவில்லை. குழாயைத் திறந்தார்.

தொட்டியின் விளிம்பு குட்டையான சாமியின் நெஞ்சுக்கு வந்தது. கையை உள்ளே விட முழங்கைகளை இறக்கை மாதிரி மேலே தூக்கவேண்டியிருந்தது. தட்டு ஆழத்தில் கிடந்தது. எட்டவில்லை. நுனிக்காலில் நின்று எக்கினார். தட்டைத் தேய்க்கத் தேய்க்க, தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் வழிந்து, அக்குளுக்குள் போனது. காவித்துணி வயிறு வரைக்கும் நனைந்து ஒட்டிக்கொண்டது. கெண்டைக்கால் வெடவெடவென்று நடுங்கியது.

இருநூறு பேர் பாத்திரத்தை முகம் கோணாமல் கழுவுகிற மனுசர், ஒரு தட்டைக் கழுவி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினார்.

நாச்சிமுத்துவின் வாயில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"இதை யார் அளவுக்கு வெச்சீங்க?"

"உசரம் எத்தனைன்னு மேஸ்திரி கேட்டாப்லங்க. நான்தான் நின்னு காட்டினேன்."

"நீங்க கழுவுவீங்களா?"

"நானுங்களா? இல்லீங்களே."

ஆறடி மனுசர் தன் கைகளையே பார்த்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவியறியாத கைகள்.

"வீட்டம்மா என்னைவிட உசரமா, குட்டையா?"

"குட்டைதானுங்க. இல்ல... இருங்க."

கையைத் தன் தோளுக்கு நேராகப் பிடித்தார். யோசித்துக் கொஞ்சம் இறக்கினார். மறுபடி ஏற்றினார். கை அந்தரத்தில் நின்றது.

எங்கே நிறுத்துவது?

அடுப்படியில் அவள் குந்தியிருப்பாள். கல்லில் குந்தியிருப்பாள். மாட்டுக்குக் கீழே குந்தி பால் கறப்பாள். களையெடுக்கையில் குனிந்திருப்பாள். கடைவீதிக்குப் போனால் இவர் முன்னால் வீசி நடப்பார், அவள் பின்னால் எங்கேயோ வருவாள். திரும்பிப் பார்த்தால்தானே! விறுவிறுவென்று உள்ளே ஓடிக் கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் தன் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற ஒரு நாளை அவர் தேடினார். ஒரே ஒரு நாள் போதும். கிடைக்கவில்லை.

"சாமி... தெரியலீங்க."

சாமி தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"யாரைக் கேட்டாத் தெரியுமுங்க?" என்றார் நாச்சிமுத்து.

கேள்வியைப் பாருங்கள்! சாமி வாய்விட்டுச் சிரித்தார். துணியைப் பிழிந்துவிட்டு வாசலில் இறங்கியவர், மடத்துக்கு நடந்தே போய்விட்டார். நாச்சிமுத்துவுக்கு அவரைக் கொண்டுபோய் விடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை அழகும் ஒரு நொடியில் அசலூர்க்காரன் வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடவும் அதிகமாக, அவளைப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

போனை எடுத்தார். இன்னும் சாயங்காலம்கூட ஆகவில்லை.

"அம்மிணி."

"முட்டி பரவாயில்லைங்க. மாத்திரை போட்டாச்சுங்க."

"அதில்ல அம்மிணி."

"என்னுங்க?"

"நீ... நீ எத்தனை உசரம்?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"எதுக்குங்க?"

"எனக்குத் தெரியல அம்மிணி. என்ற பக்கத்துல நின்னா நீ எதுவரைக்கும் வருவே? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், முப்பத்தாறு வருசம் ஆகியும் தெரியல."

குரல் உடைந்துவிட்டது. ஊருக்குப் பஞ்சாயத்துச் சொல்கிற மனுசர் தேம்பித் தேம்பி அழுதார்.

அவள் வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இல்லை, திரையில் பேசுகிற நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க."

"சொல்லு அம்மிணி."

"வெச்சுராதீங்க. எந்திரிச்சு நின்னு பார்த்துச் சொல்றேன்."