ராஜாவுக்குப் பிடித்த கதை

மாசிலாமணி பட்டுச் சால்வையைக் குருவின் முன் போட்டார்.

"ராஜா கொடுத்தது," என்றார். "ஏரித் தண்ணீரையெல்லாம் அரண்மனைத் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டாரே, அதைக் கேலி செய்து கதை எழுதினேன். குடிமக்கள் மூழ்கிவிடக் கூடாதே என்ற கருணையில் ராஜா ஏரியை வற்றவைத்தார் என்று. அதைப் படித்துவிட்டு அழுதாராம். ஊர் ஊராக வாசிக்கச் சொல்லி உத்தரவு."

"நல்லதுதானே."

"எது நல்லது? ஜனங்கள் என்னைத் துதிபாடி என்று காறித் துப்புவார்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடப் போகிறேன், இதெல்லாம் கேலி என்று."

"சேர்த்தால்?"

"தலை போகும். போகட்டும்."

குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாருங்கள், ஒருமுறை கேட்டுவிட்டு வரலாம்." சீடர் தன்னைவிட மூத்தவர் என்பதால் குரு அவரை ஒருமையில் அழைப்பதில்லை.

ஏரிக்கரை ஊரில் கூட்டம் நின்றது. ராஜாவைப் புகழும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லோரும் 'வாழ்க' சொல்ல வேண்டும் என்பது சட்டம். சுற்றிலும் காவலர்கள். தண்டோராக்காரன் வாசிக்க வாசிக்க 'வாழ்க' ஒழுங்காக வந்தது. மாசிலாமணி துண்டால் தலையை மூடிக்கொண்டார்.

ஏரி வற்றிய வரி வந்தது. வாசித்து நிறுத்தினான். சத்தமே இல்லை.

முன்னால் நின்ற ஒருவர் நிதானமாக, "வாழ்க," என்றார். அவர் முடித்த பிறகு அடுத்தவர். பிறகு அவர் மனைவி. இழவு வீட்டுக்கு வந்தவர்களின் முகத்தோடு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசி ஆளிடம் வருவதற்குள் தண்டோராக்காரன் ஓலையால் வாயை மறைத்துக்கொண்டான். காவலன் ஒருவனுக்கு இருமல் வந்து அடங்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது குடத்தோடு ஒரு பெண் மாசிலாமணியின் அருகில் வந்தாள்.

"நீங்கதான எழுதுனது?"

"ஆமாம்மா."

மலையடி ஊற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். செம்பில் ஊற்றி நீட்டினாள். "பாத்துக் குடிங்கய்யா. மூழ்கிடப் போறீங்க."

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தார். கண் கலங்கியது. செம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே குனிந்து அவளைக் கும்பிட்டார்.

திரும்பும் வழியில் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த வரியைச் சேர்த்தால் புதிதாக யாருக்குப் புரியும், குருவே?"

"ராஜாவுக்கு," என்றார் குரு.