காதில் ஒரு மஞ்சள் கோடு

ஓவியர் யசோதரைக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய மாணவர் சிவக்கொழுந்துக்கு அறுபத்தொன்று. கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற மனிதர், படம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து சேர்ந்திருந்தார். குருவே என்று கூப்பிட வேண்டாம் என்று யசோதரை சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

யசோதரையின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கான கையேட்டில் முன்னுரை எழுதச் சிவக்கொழுந்துக்குக் கொள்ளை ஆசை. யசோதரை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் பெண்ணின் படத்தைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். மனிதர் ஒன்பது நாளாக அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணின் முகத்தில் பாதி பச்சை. பின்னால் முழுக்கச் சிவப்பு. தோள் பெட்டி மாதிரி சதுரமாக இருந்தது. காது மடலில் மஞ்சளாக ஒரு சின்னக் கோடு.

பச்சை என்றால் முல்லைத்திணை, அதாவது காத்திருத்தல் என்று முதலில் எழுதிக்கொண்டு வந்தார். முற்றத்தில் வெயிலுக்குக் கட்டிய பச்சை வலைக்குக் கீழே உட்காரவைத்து வரைந்தேன், அந்தப் பச்சைதான் முகத்தில் விழுந்தது என்றார் யசோதரை. சிவப்பு பாலைத்திணை, பிரிவின் வெம்மை என்று அடுத்து வந்தார். பின்னால் இருந்தது செங்கல் சுவர் என்றார் யசோதரை. சதுரத் தோள் நான்கு வேதமா, நான்கு திசையா என்று கேட்டபோது யசோதரை தூரிகை கழுவப் போய்விட்டார். கேட்கிற நமக்கே எரிச்சல் வருகிறது, தினமும் பக்கத்தில் இருந்தவருக்கு எப்படி இருக்கும்.

பத்தாம் நாள் காலை. மதியத்துக்குள் முன்னுரை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கூடத்தையும் முற்றத்தையும் பெருக்கும் பவுனம்மாள், கையில் தென்னந்துடைப்பத்தோடு படத்தின் முன்னால் வந்து நின்றார்.

“கொஞ்சம் விலகி நில்லுங்கள் அம்மா. படம் மறைகிறது” என்றார் சிவக்கொழுந்து. வீட்டிலும் அவர் இப்படி ஏட்டுத்தமிழில்தான் பேசுவார்.

பவுனம்மாள் விலகிக்கொண்டார். யசோதரை தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எழுதினதைப் படிங்க ஐயா. சத்தமா.”

சிவக்கொழுந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தில் காதிலிருந்த கோட்டுக்கு வந்தார். அது ஒளிக்கீற்றாம். குருவின் உபதேசம் செவிவழி இறங்கி உள்ளே சோதியாகும் தருணமாம்.

பவுனம்மாளின் கை தன் காதுக்குப் போனது.

“இதையாய்யா சொல்றீங்க?” என்று கேட்டார்.

சிவக்கொழுந்து அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். காதில் தோடு இல்லை. தோடு இருக்க வேண்டிய ஓட்டையில் துடைப்பக் குச்சி ஒன்றை நக நீளத்துக்கு ஒடித்துச் செருகியிருந்தார்.

“பொண்ணு கல்யாணத்துல தோட்டைக் கழட்டி அவ காதுல போட்டேங்க. ஆறு வருசமாச்சு. என்னைக்காவது எனக்கு ஒண்ணு வாங்கித் தருவா. அதுவரைக்கும் ஓட்டை மூடித் தூந்துறக் கூடாதுல்ல, அதான் குச்சி.”

பெருக்க வேண்டிய இடம் இன்னும் பாக்கி இருந்ததால் அவசரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சிவக்கொழுந்துக்கு முகம் வேர்த்தது. முதலில் வெட்கம் வந்தது, அப்புறம் கோபம் வந்தது. கோபம் யசோதரை மேல்.

“ஒன்பது நாள் வீணாகிவிட்டது. முதல் நாளே தாங்கள் சொல்லியிருக்கலாமே.”

“முத நாளே அவங்க உங்க பக்கத்துல வந்து நின்னு, ‘இது நான்தாங்க’ன்னு சொன்னாங்க ஐயா. நீங்க விலகி நில்லுங்கன்னீங்க. அன்னைக்கிலருந்து தினமும் வந்து நிக்கிறாங்க. தினமும் அதையேதான் சொல்றீங்க.”

சிவக்கொழுந்து மூன்று பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மணி பதினொன்று. முன்னுரை கைவிட்டுப் போய்விட்டது என்று அவருக்கே தெரிந்தது.

“இனி நான் என்ன செய்ய வேண்டும், குருவே?”

யசோதரை எழுந்து போய், பவுனம்மாளிடம் கேட்டுத் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவினார். நக நீளத்துக்கு ஒடித்தார். அதைக் கொண்டுவந்து சிவக்கொழுந்தின் உள்ளங்கையில் வைத்தார்.

“இது எதற்கு?”

“உங்க காதுக்கு. தூந்துடாம இருக்கும்.”